டர்பனில் சின்ன கிளினிக் நடத்துபவர்களுக்கு: நோயாளித் தகவலை வேறு கணினியோடு இணைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி எங்கே போனாலும் ஒன்றிரண்டு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன கிளினிக்குகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த நம் ஆட்கள் சிலர் இப்படிப்பட்ட இடங்களில் நிர்வாகம், கணக்கு, கம்ப்யூட்டர் மூன்றையும் தனி ஆளாகப் பார்க்கிறோம். "லேப் ரிப்போர்ட் நேரா நம்ம சிஸ்டத்துக்கே வரணும், மெடிக்கல் எய்ட் க்ளெய்ம் தானாப் போகணும், பார்மசியோடயும் இணைச்சிருங்க" என்று டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார் (மெடிக்கல் எய்ட் என்பது இங்குள்ள மருத்துவக் காப்பீடு). அதற்குள் இந்நாட்டுச் சட்டம், ஒப்பந்தம், அடையாள எண், அளவுக் குறியீடு, பாதுகாப்பு எல்லாம் அடங்கியிருக்கின்றன. இதையெல்லாம் ஒரே இடத்தில் தமிழில் சொல்லித் தர ஆளில்லாமல் நான் பட்ட பாட்டை நீங்கள் படக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வரிசைதான் இதில் முக்கியம். பெரும்பாலோர் சாஃப்ட்வேர் வாங்குவதில் தொடங்குகிறார்கள். நியாயமாக அது ஏழாவது வேலை. முதல் ஆறும் முடிந்திருந்தால் சாஃப்ட்வேர் வேலை சுலபமாக முடியும். முடியாவிட்டால் சாஃப்ட்வேர்காரருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பீர்கள்.

1. எந்தத் தகவல், யாருக்கு, எதற்கு: ஒரே தாளில் எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: எந்தத் தகவல் போகிறது, யாருக்குப் போகிறது, எதற்காக, இப்போது எப்படிப் போகிறது. கடைசிப் பத்தியை நேர்மையாக நிரப்புங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் தன் சொந்த போனில் ஸ்க்ரிப்டை, அதாவது மருந்துச் சீட்டைப் படமெடுத்து பார்மசிக்கு வாட்ஸ்அப் செய்கிறாரா, அதுவும் தகவல் பரிமாற்றம்தான். டாக்டரின் ஜிமெயிலுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறதா, அதையும் எழுதுங்கள். புதிய இணைப்பு வந்த பிறகும் இந்தப் பழைய வழிகள் மூடப்படாமல் இருந்தால் பாதுகாப்பு என்று ஒன்று இல்லை.

பிறகு ஒவ்வொரு வரியையும் குறையுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு லேபுக்கு எது தேவை? பெயர், பிறந்த தேதி, அடையாள எண், கேட்கும் பரிசோதனை, அதற்கு வேண்டிய மருத்துவக் குறிப்பு. நோயாளியின் பத்து வருட வரலாறு அங்கே போக வேண்டியதில்லை. போபியா எனப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் (2013-இன் 4-ஆம் எண் சட்டம்) இதைத்தான் கேட்கிறது: நோக்கத்துக்குத் தேவையான அளவு, அதற்கு மேல் இல்லை. அந்தச் சட்டத்தில் உடல்நலம், மதம், இனம், விரல்ரேகை போன்றவை சிறப்புத் தகவல் என்ற தனி வகையில் வருகின்றன. அவற்றுக்குக் கட்டுப்பாடு கூடுதல்.

புதிதாக வந்தவர்கள் கவனிக்காத இன்னொன்று: இந்நாட்டில் நிறுவனங்களைப் பற்றிய தகவலும் தனிப்பட்ட தகவல்தான். ஒரு தொழிற்சாலையின் ஊழியர்களுக்கு நீங்கள் உடற்பரிசோதனை செய்கிறீர்கள் என்றால், அந்தத் தொழிற்சாலை பற்றி உங்களிடம் இருக்கும் விவரமும் சட்டத்துக்குள் வரும்.

2. தகவல் அலுவலரைப் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. நீங்கள் யாரையும் நியமிக்காவிட்டாலும் சட்டப்படி நிறுவனத்தின் தலைவரே அந்த அலுவலர். தனி டாக்டர் நடத்தும் கிளினிக் என்றால் அந்த டாக்டர். உங்களைத் துணை அலுவலராக எழுத்தில் நியமித்துவிட்டு அன்றாட வேலையை உங்களிடம் தரலாம், ஆனால் பொறுப்பு டாக்டரைவிட்டுப் போகாது. இதை அவரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பதிவு, போபியாவைக் கவனிக்கும் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையச் சேவைத் தளத்தில். கட்டணம் கிடையாது. "போபியா ரிஜிஸ்ட்ரேஷன், இத்தனை ரேண்ட்" என்று மின்னஞ்சல் அனுப்பும் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் கேட்பது படிவம் நிரப்பும் கூலி. நிறுவனப் பதிவு விவரம், முகவரி, அலுவலரின் அடையாள விவரம், போன், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நீங்களே முடித்துவிடலாம். மின்னஞ்சலை மட்டும் ஒருவரின் சொந்தப் பெயரில் போடாமல் கிளினிக் பெயரில் போடுங்கள். ஆள் மாறினாலும் கடிதம் தவறாது.

இதோடு பாயா கையேடு ஒன்று வேண்டும். பாயா எனப்படும் தகவல் கேட்கும் உரிமைச் சட்டத்தின் (2000-இன் 2-ஆம் எண் சட்டம்) 51-ஆம் பிரிவு கேட்கும் ஆவணம் அது. உங்களிடம் என்னென்ன பதிவுகள் இருக்கின்றன, யாரோடு பகிர்கிறீர்கள், வெளிநாட்டுக்குப் போகிறதா, எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சின்ன நிறுவனங்களுக்கு இருந்த விலக்கு 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆணையத்தின் தளத்தில் மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது. முதல் படியில் எழுதிய தாள் இருந்தால் கையேட்டின் பாதி அப்போதே தயார். ஒரு பிரதி ரிசப்ஷனில் இருக்கட்டும், வலைத்தளம் இருந்தால் அங்கேயும் போடுங்கள்.

ஆண்டறிக்கையும் உண்டு. ஏப்ரல் 1 முதல் ஜூன் 30-க்குள் அதே தளத்தில். யாரும் தகவல் கேட்கவில்லை என்றாலும் பூஜ்யம் என்று போட்டு அனுப்ப வேண்டும்.

3. நோயாளியிடம் கொடுக்கும் தாளை மாற்றி எழுதுங்கள்

உங்கள் கிளினிக்கில் புதிய நோயாளி நிரப்பும் படிவத்தின் அடியில் "என் தகவலை யாரிடம் வேண்டுமானாலும் பகிரச் சம்மதிக்கிறேன்" என்ற தொனியில் ஒரு வரி இருக்கும். அது செல்லாது. சம்மதம் என்பது தானாக முன்வந்து, குறிப்பிட்ட விஷயத்துக்கு, விவரம் தெரிந்து கொடுப்பது. எந்த லேப், எந்த வகை மெடிக்கல் எய்ட், எதற்காக, சர்வர் வெளிநாட்டில் இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். சிகிச்சைக்காக டாக்டர் தகவலைக் கையாள்வதற்குச் சட்டமே தனியாக இடம் கொடுக்கிறது. அதற்காக நோயாளியிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று பொருளில்லை. 2003 தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி நோயாளி பற்றிய எல்லாமே ரகசியம். எழுத்தில் சம்மதம், நீதிமன்ற ஆணை, சட்டத்தின் தேவை போன்ற சில வழிகளில்தான் அது வெளியே போகலாம்.

க்ளெய்மில் ஐசிடி-10 நோய்க் குறியீடு போகிறது. அதாவது நோயாளிக்கு என்ன நோய் என்பதே மெடிக்கல் எய்டுக்குப் போகிறது. இதை நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். ஒருவர் மறுத்தால் அதற்கென்று இந்நாட்டில் யு98.0 என்ற குறியீடு இருக்கிறது. அதைப் போட்டால் மெடிக்கல் எய்ட் பணம் தராமல் போகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நம் வீட்டு வழக்கத்தைக் கொண்டுவராதீர்கள். போபியாவில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். ஆனால் குழந்தைகள் சட்டப்படி 12 வயது முடிந்து, புரிந்துகொள்ளும் பக்குவமும் இருந்தால் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம். ஒரு 15 வயதுப் பெண் தனியாக வந்து பரிசோதனை செய்துகொண்டால், அந்த முடிவு குடும்பக் கணக்கில் பதிந்த அம்மாவின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகக் கூடாது. தானியங்கி இணைப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் கணக்கு குடும்பத் தலைவர் பெயரில் இருக்கிறது. தொடர்பு எண் கணக்கோடு ஒட்டாமல் நோயாளியோடு ஒட்டியிருக்க வேண்டும். சாஃப்ட்வேர்காரரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

4. எதிர்ப்பக்கம் யார் என்று உறுதிசெய்து ஒப்பந்தம் போடுங்கள்

உங்களோடு இணைபவர்களை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் சார்பில், உங்கள் சொற்படி தகவலைக் கையாள்பவர் ஒரு வகை: சாஃப்ட்வேர் கம்பெனி, பேக்கப் வைப்பவர், க்ளெய்மைக் கடத்தும் ஸ்விட்ச் கம்பெனி. சட்டம் இவர்களை ஆப்பரேட்டர் என்கிறது. தன் சொந்தப் பொறுப்பில் தகவலை வைத்துக்கொள்பவர் இன்னொரு வகை: லேப், மெடிக்கல் எய்ட், வேறு டாக்டர். ஆப்பரேட்டரோடு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் (போபியாவின் 21-ஆம் பிரிவு). மற்றவரோடும் போடுவதுதான் நல்லது.

ஆப்பரேட்டர் ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்: உங்கள் அனுமதி இல்லாமல் வேறு வேலைக்குத் தகவலைப் பயன்படுத்தக் கூடாது, தகவல் கசிந்ததாகச் சந்தேகம் வந்தாலே உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும், கீழ் ஒப்பந்தக்காரர்கள் யார் யார், சர்வர் எந்த நாட்டில், உறவு முடிந்தால் தகவலை எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன விலைக்குத் திருப்பித் தருவார்கள். கடைசி வரியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒப்பந்தத்தை மின்னணுக் கையெழுத்தில் முடித்துக்கொள்ளலாம், 2002 மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

எதிர்ப்பக்கம் உண்மையில் அவர்தானா என்பதைச் சரிபார்ப்பதும் இந்தப் படியில்தான். 2020-இல் எக்ஸ்பீரியன் என்ற கடன் தகவல் நிறுவனம் வாடிக்கையாளர் என்று நடித்த ஒரு மோசடிக்காரனுக்குத் தகவலைக் கொடுத்துவிட்டது. சுமார் 2 கோடியே 40 லட்சம் பேரின் விவரம் அதில் இருந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, கேட்டான், கொடுத்தார்கள். 2022-இல் டிரான்ஸ்யூனியன் என்ற இன்னொரு கடன் தகவல் நிறுவனத்தில் நடந்தது வேறு மாதிரி: வாடிக்கையாளர் ஒருவருக்குக் கொடுத்திருந்த நுழைவு விவரத்தைக் கொண்டு உள்ளே வந்தார்கள். உங்கள் கிளினிக் எவ்வளவு சின்னது என்பது இதில் பொருட்டல்ல. "எங்கள் சர்வர் முகவரி மாறிவிட்டது, இனி இங்கே அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள்.

வெளிநாட்டு சர்வர் என்றால் போபியாவின் 72-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்: அந்த நாட்டில் இணையான சட்டமோ, கட்டுப்படுத்தும் ஒப்பந்தமோ, நோயாளியின் சம்மதமோ, சட்டம் சொல்லும் வேறு காரணமோ வேண்டும். இப்போது உள்நாட்டிலேயே இடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2019-இலும், அமேசான் கேப் டவுனில் 2020-இலும், கூகுள் ஜோகன்னஸ்பர்க்கில் 2024-இலும் சர்வர் மையங்களைத் திறந்துவிட்டன. சாஃப்ட்வேர்காரரிடம் "பேக்கப்பும் இங்கேதானா?" என்று சேர்த்துக் கேளுங்கள். தகவல் இங்கே, பேக்கப் அயர்லாந்தில் என்றால் அதுவும் வெளிநாடுதான்.

முன் அனுமதி என்ற கண்ணி ஒன்று உண்டு. அடையாள எண்ணை, வாங்கிய நோக்கத்துக்கு வேறான ஒரு காரியத்துக்காக, மற்ற நிறுவனங்களின் தகவலோடு கோக்கப் போகிறீர்கள் என்றால் 57-ஆம் பிரிவின்படி ஆணையத்தின் அனுமதி முதலில் வேண்டும். போதிய பாதுகாப்புச் சட்டம் இல்லாத நாட்டுக்கு உடல்நலத் தகவலையோ பிள்ளைகளின் தகவலையோ அனுப்புவதற்கும் அப்படித்தான். சாதாரண லேப் இணைப்புக்கு இது தேவைப்படாது. பல கிளினிக்குகளின் நோயாளிகளை ஐடி எண்ணால் கோத்து ஆய்வு செய்யலாம் என்று யாராவது திட்டத்தோடு வந்தால் நிறுத்திக் கேளுங்கள். விரிவான விசாரணை வேண்டுமா என்பதை ஆணையம் நான்கு வாரத்தில் சொல்லும். வேண்டுமென்றால் மேலும் 13 வாரம் வரை ஆகலாம். அதுவரை வேலையைத் தொடங்கக் கூடாது.

5. ஆளை அடையாளம் காணும் விதியை எழுதுங்கள்

என் கணிப்பில் இந்த வேலை முழுவதிலும் ஆபத்தான இடம் இதுதான். ஹேக்கர் வருவது அரிது. ஒருவரின் ரத்த ரிப்போர்ட் இன்னொருவரின் கோப்பில் ஏறுவது அன்றாடம் நடக்கக்கூடியது.

நம் ஊர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள். சாட்ஸ்வொர்த் கிளினிக்கின் பட்டியலில் கவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி, செட்டி, நாயக்கர் என்று ஒவ்வொரு குடும்பப் பெயரிலும் நூற்றுக்கணக்கில் ஆட்கள். அதே பெயருக்கு ஆங்கில எழுத்து வீட்டுக்கு வீடு மாறும். பிள்ளை என்ற பெயரின் கடைசி எழுத்து ஒருவருக்கு ஒரு மாதிரி, அவர் சித்தப்பாவுக்கு வேறு மாதிரி. மூட்லிக்கு மூன்று நான்கு எழுத்துமுறை. குடும்பப் பெயரும் பிறந்த தேதியும் பொருந்தினால் போதும் என்று கணினிக்கு விதி வைத்தால், அண்ணன் தம்பி இரட்டையரை ஒரே ஆளாக்கிவிடும். எழுத்து அச்சாகப் பொருந்த வேண்டும் என்று வைத்தால் ஒரே ஆயாவுக்கு மூன்று கோப்பு திறக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வேறு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயரே இல்லை. இனிஷியல்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் பலருக்குக் காலி, சிலருக்கு அப்பா பெயர். இங்குள்ள சாஃப்ட்வேர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. ரிசப்ஷனில் ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் அதே பெயரைத் திரும்ப அடிப்பார், ஒருவர் "தெரியவில்லை" என்று போடுவார். லேப் வேறு ஒன்று போடும். இரண்டும் ஒருநாளும் பொருந்தாது.

அதனால் விதியை எழுதி, எதிர்ப்பக்கத்தோடும் ஒத்துக்கொள்ளுங்கள்:

தென்னாப்பிரிக்க ஐடி இருந்தால் 13 இலக்க எண்ணே முதல் சாவி. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். தட்டச்சுப் பிழையைக் கணினியே பிடிக்கும்படி அந்தச் சோதனையை இயக்கச் சொல்லுங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, ஆனால் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 24 என்று தொடங்கினால் 1924-இல் பிறந்த தாத்தாவா, 2024-இல் பிறந்த பேரனா? ஆகவே பிறந்த தேதியை நான்கு இலக்க ஆண்டோடு தனியாகவும் வாங்குங்கள்.

ஐடி இல்லாதவர்களுக்குப் பாஸ்போர்ட் எண், கொடுத்த நாடு, காலாவதித் தேதி மூன்றும். பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறும். நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் புது ஐடி எண் வரும். பழைய எண்ணை அழிக்காமல், "முன்பு இருந்தது" என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளினிக்கின் சொந்தக் கோப்பு எண் மட்டும் ஒருநாளும் மாறக் கூடாது.

பெயர் ஆவணத்தில் இருக்கிறபடியே. காலிக் கட்டத்துக்கு என்ன போடுவது என்று இரு பக்கமும் ஒரே விதி.

பொருத்தம் சந்தேகமாக இருந்தால் கணினி தானாகச் சேர்க்கக் கூடாது. தனி வரிசையில் நிறுத்த வேண்டும், ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்த வரிசையைத் தினமும் யார் பார்ப்பார் என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

6. அளவு, தசமம், தேதி, குறியீடு

சர்க்கரை அளவு தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. அங்கே 126 என்பது இங்கே 7.0. பதினெட்டால் வகுக்க வேண்டும். கொலஸ்ட்ரால் அங்கே 200 என்றால் இங்கே சுமார் 5.2. கிரியாட்டினின் அங்கே 1.0 என்றால் இங்கே சுமார் 88. ஊரிலிருந்து ரிப்போர்ட் கொண்டுவரும் நோயாளிகள் நம்மிடம் நிறைய. அந்த எண்ணை அலகில்லாமல் பதிந்தால், இணைப்பு வழியாக அது அடுத்த டாக்டரிடமும் அலகில்லாமலே போய்ச் சேரும். எண்ணும் அலகும் எப்போதும் சேர்ந்தே பயணிக்க வேண்டும், அலகில்லாத எண்ணைக் கணினி வாங்கவே கூடாது.

விண்டோஸில் தென்னாப்பிரிக்க அமைப்பு வைத்தால் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வரும். 5.6 என்பது 5,6 ஆகும். எதிர்ப்பக்கம் காற்புள்ளியை நீக்கிவிட்டால் 56. காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் ஒரே எண் இரண்டு கட்டத்தில் விழும். எக்ஸெலில் ஐடி எண் பட்டியலைத் திறந்தால் 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண்ணில் முதல் பூஜ்யம் காணாமல் போகும், போன் எண்ணிலும் அப்படித்தான். எக்ஸெலில் திறந்து சேமித்த கோப்பை மறுபடி சிஸ்டத்தில் ஏற்றாதீர்கள். தேதிக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை இரு பக்கமும் எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள்.

நோய்க்கு ஐசிடி-10, மருந்துக்கு நாப்பி குறியீடு, கிளினிக்குக்கு பிராக்டிஸ் எண்: இந்த மூன்றும் இந்நாட்டில் நிலைத்தவை. லேப் பரிசோதனைக்கு லாயிங்க் என்ற உலகப் பொதுக் குறியீடு தருவார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் அவர்களின் பரிசோதனைப் பெயர்ப் பட்டியலை வாங்கி உங்கள் பெயர்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். அலுப்பான வேலைதான். டாக்டரோடு உட்கார்ந்து செய்யுங்கள். கம்ப்யூட்டர்காரரிடம் விட்டால் பெயரைப் பார்த்துப் பொருத்துவார், பொருளைப் பார்த்து அல்ல.

7. இப்போது சாஃப்ட்வேர்

விற்க வருபவரிடம் "இணையுமா?" என்று கேட்டால் எல்லோரும் "இணையும்" என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். மருத்துவக் கணினிகள் தகவல் பரிமாறும் முறைகளில் எது: எச்எல்7 பதிப்பு 2-ஆ, ஃபயர் எனப்படும் புதிய முறையா, அதில் எந்தப் பதிப்பு? ஏபிஐ ஆவணத்தை (வேறு கணினி எப்படி இணைவது என்று சொல்லும் குறிப்பை) விலை பேசுவதற்கு முன் காட்டுவார்களா? லேப் முடிவு எண்ணாக வருமா, அல்லது பிடிஎஃப் படமாகவா? பிடிஎஃப் வந்தால் அதை இணைப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதில் இருக்கும் எண்ணைத் தேடவும் முடியாது, வரைபடமாகப் பார்க்கவும் முடியாது. இந்நாட்டுச் சுகாதாரத் துறை முதலில் 2014-இல் அரசிதழில் வெளியிட்ட இயங்குதன்மை வரையறை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று கேட்பதே ஒரு நல்ல சோதனை.

விலையில் தொடக்கக் கட்டணம், மாதக் கட்டணம், ஒவ்வொரு செய்திக்கும் கட்டணம், புதிதாக ஒரு லேப் சேர்த்தால் கட்டணம், வெளியேறும்போது தகவலைத் திருப்பித் தரக் கட்டணம் என்று தனித்தனி வரி கேளுங்கள். சொல்லும் தொகையில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா? டாலர் விலையா, ரேண்ட் விலையா? டாலர் என்றால் ரேண்ட் சரியும்போது உங்கள் மாதச் செலவு ஏறும்.

8. பூட்டு

ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. "ரிசப்ஷன்" என்ற ஒரே பெயரில் மூன்று அக்காமார் உள்ளே போனால், யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்று நாளை சொல்ல முடியாது. அனுமதியில்லாமல் கோப்பைத் திறப்பதைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது.

வழியில் போகும் தகவலுக்கு டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையின் பதிப்பு 1.2 அல்லது அதற்கு மேல், கிடங்கில் இருப்பதற்கும் மறையாக்கம், இணைப்புக்குத் தேவையான அளவு மட்டும் அனுமதி. லேபின் சாவி (இணைப்புக்கான ரகசியக் குறியீடு) லேப் முடிவை எழுத மட்டும் பயன்பட வேண்டும், கோப்பு முழுவதையும் படிக்க அல்ல. சாவிகளை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். வேலையை விட்டுப் போகிறவரின் நுழைவை அன்றே மூடுங்கள்.

காலாவதித் தேதிகளை நாட்காட்டியில் எழுதுங்கள்: சான்றிதழ், வைரஸ் தடுப்பு உரிமம், சர்வர் சந்தா. 2021-இல் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) தாக்குதலுக்கு ஆளான நீதித் துறைக்கு 2023 ஜூலையில் ஆணையம் 50 லட்சம் ரேண்ட் அபராதம் போட்டது. பாதுகாப்பு மென்பொருளின் உரிமங்களைப் புதுப்பிக்காமல் விட்டதும், பிறகு ஆணையம் சொன்னபடி சரிசெய்து காட்டாததும் காரணம். சட்டத்தில் உச்ச அபராதம் ஒரு கோடி ரேண்ட்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். கரண்ட் போன நேரத்தில் அனுப்பிய செய்தி வரிசையில் காத்திருந்து, வந்ததும் ஒரே ஒரு முறை போக வேண்டும். இரண்டு முறை போனால் இரட்டைக் க்ளெய்ம். சோதனையின்போது ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

9. சோதனையும் மாற்றும் நாளும்

சோதனைக்கு உண்மை நோயாளிகளின் தகவலைப் பயன்படுத்தக் கூடாது. நீங்களே சில கற்பனை ஆட்களை உருவாக்குங்கள்: குடும்பப் பெயர் இல்லாதவர், இரட்டையர், ஐடி இல்லாத பச்சைக் குழந்தை, பாஸ்போர்ட் மாறியவர், பூஜ்யத்தில் தொடங்கும் ஐடிக்காரர். இந்த ஐவரும் இரு பக்கமும் சரியாகப் போய் வந்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை இந்நாட்டில் போன் எடுக்க ஆளிருக்காது. ஏப்ரலில் பெரும்பாலும் ஈஸ்டர், 27-ஆம் தேதி சுதந்திர நாள், பிறகு மே 1 என்று விடுமுறை அடுக்கி வரும். தைப்பூசக் காவடி, தீபாவளி வாரங்களில் நம் கிளினிக்கிலேயே ஆள் குறைவு. ஒரு செவ்வாய் அல்லது புதன் காலை மாற்றுங்கள். வெள்ளி வேண்டாம். பழைய முறையையும் சில வாரம் கூடவே ஓட்டுங்கள்.

க்ளெய்ம் இணைப்பை மாற்றினால் கெடுவைக் கண்ணில் வைத்திருங்கள். சிகிச்சை நடந்த மாதம் முடிந்ததிலிருந்து நான்காவது மாதத்தின் கடைசி நாளுக்குள் மெடிக்கல் எய்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பிழை என்று அவர்கள் 30 நாளில் சொன்னால், திருத்தி அனுப்ப 60 நாள். "அனுப்பப்பட்டது" என்று உங்கள் திரையில் பச்சை விளக்கு எரிவது போதாது. எதிர்ப்பக்கத்திலிருந்து "ஏற்றுக்கொண்டோம்" என்ற பதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிராகரித்த பட்டியலை வாரம் ஒரு முறையாவது திறக்க ஆள் வேண்டும்.

10. கசிந்தால், நின்றால்

கசிவு என்று சந்தேகிக்க நியாயமான காரணம் கிடைத்தாலே ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கும் சொல்ல வேண்டும். சட்டத்தில் மணிக்கணக்கு இல்லை, "கூடிய விரைவில்" என்றுதான் இருக்கிறது. அதைத் தாமதத்துக்கு இடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆணையத்துக்கு, அலுவலரைப் பதிவு செய்த அதே இணையத் தளத்தில் தெரிவிக்க வேண்டும், நோயாளிக்கு எழுத்தில்: என்ன நடந்தது, என்ன விளைவு வரலாம், நாங்கள் என்ன செய்கிறோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தின் வரைவை இன்றே எழுதி வைத்துவிடுங்கள். அந்த நாளில் நிதானமாக எழுத வராது. தவறான எண்ணுக்குப் போன ஒரு வாட்ஸ்அப் படமும் கசிவுதான்.

இணைப்பு நின்றுபோவதற்கும் தயாராக இருங்கள். 2024 ஜூனில் தேசிய ஆய்வகச் சேவையின் கணினிகளை ரான்சம்வேர் முடக்கியபோது, அரசு மருத்துவமனைகளுக்கு லேப் முடிவுகள் வழக்கமான வழியில் போகவில்லை, அவசர முடிவுகளைப் போனில் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் லேபின் அவசர எண், காகிதக் கோரிக்கைப் படிவக் கட்டு, போனில் கேட்ட முடிவை எழுதித் திரும்ப வாசித்துச் சரிபார்க்கும் பழக்கம் மூன்றும் ரிசப்ஷன் மேஜையில் இருக்கட்டும்.

கோப்புகளை அழிக்கும் கெடுவையும் இணைப்பு ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மருத்துவர் கவுன்சிலின் வழிகாட்டலில், நோயாளி கடைசியாக வந்ததிலிருந்து குறைந்தது 6 ஆண்டு. சிறுவர் என்றால் 21-ஆவது பிறந்தநாள் வரை. தொழில்சார் நோய்ப் பதிவுகள் 20 ஆண்டு. சாஃப்ட்வேர் கம்பெனியை மாற்றும்போது பழைய கம்பெனியிடமிருந்து முழுத் தகவலையும் வாங்கி, புதிய இடத்தில் திறந்து பார்த்து, எண்ணிக்கை சரி என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகே அங்கே அழிக்கச் சொல்லுங்கள். அழித்ததற்கு எழுத்தில் சான்று வாங்கி, ஒப்பந்தத்தோடு அதே கோப்பில் வையுங்கள்.